பாஸின் சப்மிஷனில் நிஜத்தில் இல்லாத ஒரு வழக்கு

கேள்வி: அன்புள்ள வழக்கறிஞர் ஐயா, எனக்கு வயது 52. சிங்கப்பூரில் சைனாடவுன் பக்கம் ஒரு சின்னச் சட்ட நிறுவனத்தில் பல வருடங்களாக வேலை பார்க்கிறேன். இரண்டு வக்கீல்கள், நான், இன்னொரு பெண், அவ்வளவுதான் ஆபீஸ். சேர்ந்தபோது டைப்பிங், ஃபைலிங். இப்போது பேராலீகல் (வக்கீலுக்கு உதவும் ஊழியர்) என்கிறார்கள். பாஸ் நல்லவர். ஆனால் கொஞ்ச நாளாக எதற்கெடுத்தாலும் 'ஏஐயிடம் கேளுங்கள், பத்து நிமிஷத்தில் கிடைக்கும்' என்கிறார். இயந்திரங்களை வாடகைக்கு விடும் ஒப்பந்தம் பற்றிய வழக்கு ஒன்று வந்திருக்கிறது. அதில் உள்ள தாமதக் கட்டணம் செல்லுமா, இல்லை அது பெனால்டியா (சட்டப்படி செல்லாத தண்டத்தொகையா) என்று பார்க்கச் சொன்னார். இலவச சாட்பாட் ஒன்றில் ஒப்பந்தத்தை அப்படியே போட்டுக் கேட்டேன். மூன்று தீர்ப்புகளைத் தந்தது. முதலாவது டென்கா வழக்கு. தீர்ப்பு கிடைத்தது, ஆனால் ஏஐ மேற்கோள் காட்டிய வரியை அதில் காணோம். இரண்டாவது கேவன்டிஷ் என்ற இங்கிலாந்து வழக்கு. மூன்றாவது உயர் நீதிமன்ற மேல்முறையீட்டுப் பிரிவு 2018இல் கொடுத்தது என்கிறது. எங்கே தேடியும் கிடைக்கவில்லை. சாட்பாட்டிடமே 'இது உண்மையான வழக்கா' என்று கேட்டேன், ஆமாம் என்றது. பாஸ் மூன்றையும் சப்மிஷனில் (நீதிமன்றத்துக்குக் கொடுக்கும் எழுத்து வாதத்தில்) சேர்த்துவிட்டார். தாக்கல் செய்ய அடுத்த வாரம் கடைசி நாள். எனக்குத்தான் தேடத் தெரியவில்லையோ? சட்டம் படிக்காத நான் அவரிடம் எப்படிப் போய்ச் சொல்வது? இன்னொன்றும் கேட்கிறேன், இந்த வேலை இனி எத்தனை நாளைக்கு?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்தப் பதிலைப் படித்து முடிக்கும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம். அந்த மூன்றாவது தீர்ப்பு கிடைக்கவில்லை என்று இன்றே பாஸிடம் சொல்லிவிடுங்கள். தாக்கலுக்கு முன்னால் எடுத்துவிட்டால் அது வரைவில் இருந்த ஒரு பிழை, அதோடு போய்விடும். தாக்கலான பிறகு எதிர்த்தரப்பு வக்கீல் கண்டுபிடித்தார் என்றால், நீதிமன்றத்தை ஏமாற்றப் பார்த்தீர்களா என்ற கேள்விக்கு உங்கள் பாஸ் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டிவரும்.

உங்களுக்குத் தேடத் தெரியவில்லை என்பதெல்லாம் இல்லை. அந்தத் தீர்ப்பு பொய் என்று கண்டுபிடிக்கத் தேடவே வேண்டியதில்லை. உயர் நீதிமன்றத்தின் மேல்முறையீட்டுப் பிரிவு 2021 ஜனவரி 2ஆம் தேதிதான் செயல்படத் தொடங்கியது. பிறக்காத பிரிவு 2018இல் எப்படித் தீர்ப்பு எழுதும்? நீங்கள் சொன்ன வழக்கின் பெயரை வேண்டுமென்றேதான் இங்கே எழுதவில்லை. இல்லாத வழக்கை நாமும் ஒருமுறை எழுதி வைத்தால் நாளைக்கு வேறு யாரோ தேடும்போது இதுவே வந்து நிற்கும், அப்புறம் அதற்கு இதுவே சாட்சியாகிவிடும்.

இந்த மாதிரித் தேதிப் பொருத்தம் பார்ப்பதில் உங்களைப் போன்றவர்களுக்குத்தான் சாமர்த்தியம் அதிகம், ஏனென்றால் ஒவ்வொரு மாற்றத்தையும் நேரில் அனுபவித்திருக்கிறீர்கள். குடும்ப நீதி நீதிமன்றங்கள் வந்தது 2014 அக்டோபரில். ஆகவே உயர் நீதிமன்றக் குடும்பப் பிரிவின் குறியீட்டோடு 2011ஆம் ஆண்டுத் தீர்ப்பு என்று ஒன்று வந்தால் சந்தேகப்படுங்கள். சிங்கப்பூர் அனைத்துலக வர்த்தக நீதிமன்றம் 2015இல் வந்தது. புதிய நீதிமன்ற விதிகள் 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தபோது வழக்கைத் தொடங்கும் ஆவணமான ரிட் ஆஃப் சம்மன்ஸ் போய் ஒரிஜினேட்டிங் கிளெய்ம் வந்ததும், வாதிக்குப் பெயர் பிளெயின்டிஃப் என்பது கிளெய்மன்ட் ஆனதும் உங்களுக்குத் தெரியும். எத்தனை டெம்ப்ளேட்டைத் திருத்தியிருப்பீர்கள்! பழைய ஆவணங்களைத் தின்று வளர்ந்த ஏஐக்கு அது சரியாகப் பதிந்திருக்காது. இப்போது தொடங்கிய ஒரு வழக்குக்கு, விசாரணையில்லாத் தீர்ப்பு கேட்க 'ஆர்டர் 14'இன் கீழ் போ என்று அது சொன்னால், பழைய விதியைப் பார்த்து ஒப்பிக்கிறது என்று அர்த்தம். இப்போது அது ஆர்டர் 9இல், 17ஆம் விதியில் இருக்கிறது.

சட்டங்களிலும் இதே கதைதான். 2020 திருத்தப் பதிப்பு 2021 டிசம்பர் 31 அன்று நடைமுறைக்கு வந்ததிலிருந்து சட்டங்களைக் குறித்த 'கேப்' (அத்தியாய) எண்கள் வழக்கொழிந்துவிட்டன. சாட்சியச் சட்டத்தை 'கேப் 97' என்று குறிப்பிடும் வரைவு, பழைய சரக்கிலிருந்து வந்தது. இன்று அதன் பெயர் சாட்சியச் சட்டம் 1893. அந்தச் சட்டத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன் வரைந்த 1872ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தைப் பார்த்துத்தான் நம்முடையதை எழுதினார்கள். பிரிவுகளின் வாசகங்கள் பல இடங்களில் ஒன்றுபோலவே இருக்கும், எண்கள் மட்டும் ஒன்றிரண்டு தள்ளிப்போகும். பொதுவான சாட்பாட்டிடம், அதுவும் தமிழில், கேட்டால் இந்தியாவின் எண்ணையும் இந்தியத் தீர்ப்பையும் எடுத்துக்கொடுத்துவிடும். பார்ப்பதற்கு நம் சட்டம் போலவே இருப்பதால் கண்ணும் ஏமாறும். போதாததற்கு இந்தியாவில் அந்தச் சட்டத்தையே எடுத்துவிட்டு 2024 ஜூலை 1 முதல் புதியது கொண்டுவந்துவிட்டார்கள். தண்டனைச் சட்டத்துக்கும் இதே கதிதான். 420 என்றால் என்னவென்று தமிழ்ப் படம் பார்த்த எல்லோருக்கும் தெரியும். சிங்கப்பூரில் அந்த எண் இன்னமும் ஏமாற்றுதலுக்குத்தான், இந்தியாவில் இப்போது அந்த எண் அதற்கு இல்லை.

சரி, ஏஐ ஏன் இப்படிப் பண்ணுகிறது? அது தீர்ப்புகளைப் பூட்டி வைத்திருக்கும் அலமாரி இல்லை. அடுத்து எந்தச் சொல் வந்தால் பொருந்தும் என்று கணித்துக் கணித்து எழுதுகிறது. வழக்கின் பெயர், ஆண்டு, நீதிமன்றக் குறியீடு, எண் என்று நம் மேற்கோள்கள் எல்லாம் ஒரே அச்சில் இருப்பதால் அந்த அச்சில் புதிதாக ஒன்று வார்ப்பது அதற்கு மிகச் சுலபம். தெரியாத வீட்டுக்கு வழி கேட்டால், தெரியாது என்று சொல்லக் கூச்சப்பட்டு ஏதோ ஒரு பக்கம் கையைக் காட்டி அனுப்பிவிடும் ஆள் ஊரில் ஒருவராவது இருப்பாரே, அவர் மாதிரி. அவரிடமே திரும்பிப் போய் 'நிஜமாகவே அந்தப் பக்கம்தானா' என்று கேட்டால் என்ன சொல்வார்? நீங்கள் கேட்டபோது சாட்பாட் ஆமாம் என்றதும் அதனால்தான்.

நியூயார்க்கில் 2023இல் நடந்தது இதுவேதான். ஒரு விமான நிறுவனத்துக்கு எதிரான வழக்கில் ஆறு பொய்த் தீர்ப்புகளைத் தாக்கல் செய்தார்கள். அவை உண்மையா என்று வக்கீல் சாட்ஜிபிடியிடமே கேட்டிருந்தார், உண்மைதான் என்றது. 5,000 அமெரிக்க டாலர் அபராதம். நாம் ரொம்ப ஒழுங்கு என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். 2025இல் நம் உயர் நீதிமன்றத்திலும் ஏஐ உருவாக்கிய, இல்லாத தீர்ப்பு ஒன்றைச் சப்மிஷனில் காட்டியதற்காக ஒரு வழக்கறிஞர் எதிர்த்தரப்புக்கு 800 வெள்ளி சொந்தப் பணத்திலிருந்து கொடுக்க உத்தரவானது. தொகை சிறியதுதான். ஆனால் அந்தத் தீர்ப்பு எழுத்தில் வெளிவந்துவிட்டது, எவரும் படிக்கலாம். நம் மாதிரிச் சிறிய ஊரில், சிறிய தொழிலில், அதுதான் பெரிய தண்டனை.

உச்ச நீதிமன்றப் பதிவாளரின் 2024ஆம் ஆண்டின் முதலாம் சுற்றறிக்கையை உங்கள் பாஸ் பார்த்திருப்பார். பார்க்காவிட்டால் பிரதி எடுத்து மேசையில் வையுங்கள். 2024 அக்டோபர் 1 முதல் அமலில் இருக்கிறது. வக்கீல்களுக்கும், வக்கீல் வைக்காமல் தாமே வழக்காடுகிறவர்களுக்கும் பொருந்தும். ஏஐ பயன்படுத்தக் கூடாது என்று அது எங்கும் சொல்லவில்லை. நீதிமன்றம் கேட்டால் ஒழிய, பயன்படுத்தினேன் என்று முன்கூட்டியே அறிவிக்க வேண்டும் என்றும் இல்லை. ஆனால் தாக்கலாகும் ஒவ்வொரு வரிக்கும் தாக்கல் செய்பவரே முழுப் பொறுப்பு. தீர்ப்பும் சட்டமும் இருக்கின்றனவா, சொன்னபடி சொல்கின்றனவா என்று நம்பத்தகுந்த மூலத்தில் பார்க்க வேண்டும், இன்னொரு சாட்பாட்டிடம் கேட்டு உறுதிசெய்துகொண்டால் போதாது என்று தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள். சாட்சியத்தை ஏஐயை வைத்து உருவாக்கவே கூடாது. மீறினால் செலவுத்தொகை, ஆவணத்தை ஒதுக்கிவைத்தல், வக்கீல் என்றால் ஒழுங்கு நடவடிக்கைவரை போகலாம். என் கருத்தைக் கேட்டால் இது நியாயமான அறிக்கை. தடை போட்டிருந்தால் எல்லோரும் ஒளித்துப் பயன்படுத்தியிருப்பார்கள்.

இனி மற்ற இரண்டு தீர்ப்புகளுக்கு வருகிறேன். பொய்த் தீர்ப்பைவிட எனக்கு அதிகப் பயம் இவற்றில்தான், ஏனென்றால் பொய்த் தீர்ப்பு தேடினால் அகப்பட்டுக்கொள்ளும். கேவன்டிஷ் தீர்ப்பு உண்மையானது, பெரிய தீர்ப்பு. இங்கிலாந்தின் உச்ச நீதிமன்றம் 2015இல், வாகன நிறுத்தத்தில் கூடுதல் நேரம் நின்றதற்கு 85 பவுண்டு கட்டச் சொன்ன இன்னொரு வழக்கோடு சேர்த்து அதை வழங்கியது. ஒப்பந்தத்தை மீறியவர் கட்ட வேண்டிய தொகை, மற்றவருடைய நியாயமான நலனைக் காப்பதற்கு அளவுமீறிப் போகிறதா என்று பார்த்தால் போதும் என்று பெனால்டி விதியை அங்கே தளர்த்தினார்கள். உலகம் முழுக்கச் சட்ட மாணவர்கள் இதைப் படிக்கிறார்கள், கட்டுரைகள் குவிந்துகிடக்கின்றன. அதனால் ஏஐ கேட்டதும் இதைத்தான் முதலில் நீட்டும்.

ஆனால் நம் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த வழியில் போகவில்லை. மின்சார விநியோக ஒப்பந்தம் ஒன்றில் எழுந்த டென்கா எதிர் செராயா வழக்கில், 2020இல், கேவன்டிஷின் அளவுகோலை வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டு 1915ஆம் ஆண்டின் டன்லப் டயர் வழக்கின் அளவுகோலிலேயே நின்றது. ஒப்பந்தம் போடும் நேரத்தில், மீறினால் எவ்வளவு நட்டம் வரலாம் என்று உண்மையாகவே கணித்துப் போட்ட தொகையா இது என்பதுதான் இங்கே கேள்வி. அத்தோடு, ஒப்பந்தத்தை மீறினால் எழும் தொகைக்கு மட்டும்தான் இந்த விதி என்றும், மீறல் இல்லாத இடங்களுக்கும் அதை நீட்டிய ஆஸ்திரேலியப் பாதை நமக்கு வேண்டாம் என்றும் அதே தீர்ப்பில் சொன்னார்கள். உங்கள் வழக்குக்கு இது முக்கியம். அந்தத் தாமதக் கட்டணம், நேரத்துக்குத் திருப்பித் தராத குற்றத்துக்கா, இல்லை கூடுதல் நாள் வைத்திருப்பதற்கான வாடகைதானா? ஷரத்தின் வாசகத்தை வைத்து உங்கள் பாஸ் முதலில் பதில் சொல்ல வேண்டியது இதற்குத்தான்.

அப்படியென்றால், டென்காவையும் கேவன்டிஷையும் ஒரே பத்தியில் அடுத்தடுத்து 'ஆதாரம்' என்று போட்டிருந்தால் என்ன ஆகும்? ஒன்று மற்றொன்றை நிராகரித்தது என்பது தெரியாமல் எழுதியிருக்கிறார் என்று நீதிபதிக்கு இரண்டாவது நிமிஷத்திலேயே புரிந்துவிடும். இரண்டுமே உண்மையான தீர்ப்புகள், இரண்டும் தேடினால் கிடைக்கும், ஆனாலும் சப்மிஷன் தோற்கும். இங்கிலாந்துத் தீர்ப்பு வந்தாலே தூக்கிப்போடுங்கள் என்று சொல்லவில்லை. நம் நீதிமன்றங்கள் இன்னமும் அவற்றை மரியாதையோடு படிக்கின்றன, ஆனால் கட்டுப்பட்டவை அல்ல. 1994இல் லண்டனில் உள்ள பிரிவி கவுன்சிலுக்குப் போகும் மேல்முறையீட்டையே நிறுத்திவிட்டோம். அதற்குப் பிறகு எத்தனையோ விஷயங்களில் நமக்கென்று தனிப் பாதை வந்துவிட்டது. கவனக் கடமை (பிறருக்குத் தீங்கு நேராமல் பார்த்துக்கொள்ளும் கடமை) பற்றி 2007இல் வந்த ஸ்பான்டெக் தீர்ப்பு இன்னொரு உதாரணம். எந்தத் துறையில் ஏஐ இங்கிலாந்தை நீட்டினாலும், 'இதைச் சிங்கப்பூர் ஏற்றதா' என்ற கேள்வியை நீங்கள்தான் எழுப்ப வேண்டும்.

டென்காவில் காணாமல்போன அந்த வரியைப் பற்றி. நீளமான தீர்ப்பு அது, முழுக்கப் படித்துத் தேட வேண்டாம். மேற்கோளிலிருந்து எங்கும் சாதாரணமாக வராத மூன்று நான்கு சொற்களை எடுத்து, தீர்ப்பைத் திறந்து கன்ட்ரோல் எஃப் போடுங்கள். கிடைக்கவில்லை என்றால் இன்னும் ஒரு இடத்தில் வேறு சொற்களை வைத்து முயன்று பாருங்கள். அப்போதும் இல்லை என்றால், மேற்கோள் குறிக்குள் அந்த வரி இருக்கக் கூடாது. கருத்து சரியாக இருக்கலாம், ஆனால் நீதிபதி எழுதாத வரியை நீதிபதி எழுதியதாகக் காட்டுவது மூன்றாவது தீர்ப்பைப் போலவேதான். அந்தக் கருத்தை நீதிமன்றம் உண்மையில் எந்தப் பத்தியில் சொல்கிறது என்று கண்டுபிடித்து அந்தப் பத்தி எண்ணைப் போடச் சொல்லுங்கள். ஒரு எச்சரிக்கை: சட்ட அறிக்கைத் தொகுதியில் தீர்ப்புக்கு மேலே இருக்கும் ஹெட்நோட்டிலிருந்து எடுத்துவிட வேண்டாம், அது தொகுத்தவர்கள் எழுதியது, நீதிபதி எழுதியதல்ல.

எங்கே தேடுவது? தீர்ப்புகளைத் தேடும் லாநெட் தளம் உங்கள் ஆபீஸில் இருக்கிறதா என்று எழுதவில்லை. சிங்கப்பூர் அகாடமி ஆஃப் லா நடத்தும் அந்தத் தளம் 1990இலிருந்து இருக்கிறது. கட்டணம் உண்டு, சின்ன ஆபீஸ்களில் ஒரே ஒரு கணக்கை வைத்துக்கொண்டு சமாளிப்பார்கள். இருந்தால், அதில் நீங்கள் பழகிக்கொள்ள வேண்டியது நோட்டிங் அப். ஒரு தீர்ப்பைத் திறந்ததும் பின்னால் வந்த எந்தெந்தத் தீர்ப்புகள் இதைக் குறிப்பிட்டன, ஏற்றனவா, வேறுபடுத்தினவா, தள்ளினவா என்று பார்க்கும் வேலை. இதைச் செய்யாமல் எந்த வழக்கும் சப்மிஷனுக்குள் போகக் கூடாது. லாநெட்டிலும் இப்போது ஏஐ வந்துவிட்டது. அகாடமியும் இன்ஃபோகாம் ஊடக மேம்பாட்டு ஆணையமும் சேர்ந்து உருவாக்கிய ஜிபிடி லீகல், 2024இலிருந்து தீர்ப்புச் சுருக்கங்களைத் தருகிறது. உள்ளே இருக்கும் தீர்ப்புகளை வைத்தே வேலை செய்வதால் பொதுச் சாட்பாட்டைவிட நம்பலாம். எந்தத் தீர்ப்பைத் திறப்பது என்று முடிவுசெய்ய அந்தச் சுருக்கம் நல்ல உதவி, மேற்கோள் காட்ட அல்ல.

லாநெட் இல்லாவிட்டாலும் கை கட்டி உட்கார வேண்டியதில்லை. நீதிமன்றங்களின் இ-லிட்டிகேஷன் தளத்தில் உயர் நீதிமன்றம், மேல்முறையீட்டு நீதிமன்றம், அரசு நீதிமன்றங்கள் இவற்றின் தீர்ப்புகளைக் காசில்லாமல் படிக்கலாம். ஆண்டு, நீதிமன்றக் குறியீடு, எண் மூன்றையும் போட்டால் அந்தத் தீர்ப்பே வந்து நிற்கும். பொய் மேற்கோள்களின் வழக்கமான குணம் ஒன்று இங்கே தெரியவரும்: எண் இருக்கும், திறந்தால் வேறு யாருடைய விவாகரத்தோ வேறு எந்த விபத்தோ வரும். பெயரும் எண்ணும் சேர்ந்தே பொருந்த வேண்டும். பழைய தீர்ப்புகள் அங்கே அகப்படாமல் போகலாம், அவற்றுக்கு லாநெட்டோ அச்சுத் தொகுதியோதான் வழி. சட்டங்களுக்குத் தலைமைச் சட்ட அதிகாரி அலுவலகத்தின் சிங்கப்பூர் ஸ்டேட்யூட்ஸ் ஆன்லைன் இருக்கிறது. இலவசம். ஒப்பந்தம் கையெழுத்தான தேதியில் அந்தப் பிரிவு எப்படி இருந்தது என்று பழைய பதிப்பையும் அதில் பார்க்கலாம். பலர் இதைத் தொடுவதே இல்லை. இங்கிலாந்துத் தீர்ப்புகளுக்கு பெய்லி தளம் போதும்.

இன்னொன்றைத் தயக்கத்தோடுதான் சொல்கிறேன், ஆனால் சொல்லாமல் விட முடியாது. ஒப்பந்தத்தை அப்படியே இலவச சாட்பாட்டில் போட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். கட்சிக்காரரின் பெயர், இயக்குநரின் அடையாள அட்டை எண், விலை எல்லாம் அதில் இருந்திருக்கும். சாட்சியச் சட்டத்தின் 128ஆம் பிரிவு வக்கீலிடம் சொன்ன ரகசியத்தைக் காக்கிறது. 129ஆம் பிரிவு அவருக்குக் கீழே வேலை செய்கிறவர்களையும் அதே வட்டத்துக்குள் கொண்டுவருகிறது. அதாவது நீங்களும் உள்ளேதான் இருக்கிறீர்கள், சாட்பாட் வெளியே இருக்கிறது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வேறு தனியாக உண்டு. இதை மூடி மறைக்காமல் பாஸிடம் சொல்லுங்கள். என்ன போட்டீர்கள் என்று முதலில் ஒரு பதிவு எடுத்துவைத்துக்கொண்டு, பிறகு அந்த உரையாடலை அழித்து, உள்ளீடுகளைப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளும் அமைப்பை அணைத்துவிடுங்கள். கட்சிக்காரரிடம் தெரிவிப்பதா என்று முடிவெடுப்பது அவர் வேலை. ஏஐயிடம் கேட்கச் சொன்னவரும் அவர், எந்தக் கருவி, எதைப் போடலாம் என்று சொல்லித் தராதவரும் அவர். ஊழியர்களை ஒழுங்காக மேற்பார்வையிட வேண்டிய கடமை 2015ஆம் ஆண்டு நடத்தை விதிகளின்படி வக்கீலுடையது. இனிமேல் கேட்டால் பெயரில்லாமல், 'ஏ நிறுவனம் பி நிறுவனத்துக்கு இயந்திரம் வாடகைக்கு விட்டது, தாமதத்துக்கு நாளொன்றுக்கு இவ்வளவு' என்று கேட்டால் போதும். சட்டக் கேள்விக்குக் கட்சிக்காரரின் அடையாள அட்டை எண் எதற்கு?

எப்படிச் சொல்வது என்று கேட்டீர்கள். 'நீங்கள் போட்டது தப்பு' என்று தொடங்க வேண்டாம். ஒரே ஒரு தாளில் மூன்று வழக்குகளையும் எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே எங்கே திறந்தீர்கள், எந்தப் பத்தி, வரைவில் சொன்னது அதில் இருக்கிறதா என்று குறியுங்கள். அதை நீட்டி, 'சார், தாக்கலுக்கு முன்னால் சரிபார்த்தேன். மூன்றாவது லாநெட்டிலும் இல்லை, இ-லிட்டிகேஷனிலும் இல்லை. மேல்முறையீட்டுப் பிரிவு 2021இல்தான் வந்தது. கேவன்டிஷை டென்காவில் ஏற்கவில்லை. டென்காவில் இந்த மேற்கோள் கிடைக்கவில்லை. என்ன செய்யலாம்?' என்று கேளுங்கள். இதற்குச் சட்டப் பட்டம் தேவையில்லை. தீர்ப்புக்கு என்ன அர்த்தம் என்று நீங்கள் வாதாடவில்லையே, இருக்கிறதா இல்லையா என்றுதான் சொல்கிறீர்கள். நல்ல மனிதர் என்கிறீர்கள், அப்படியென்றால் அவருக்குக் கோபம் வராது, வேர்க்கும்.

அவர் நேரமில்லை, அப்படியே போடுங்கள் என்று சொன்னால் அதே தாளை மின்னஞ்சலிலும் அனுப்பிவிட்டு இன்னொரு வக்கீலிடம் காட்டுங்கள். மேலதிகாரியைத் தாண்டிப் போவதாக நினைக்க வேண்டாம். நிறுவனத்தின் பெயரில்தான் அது தாக்கலாகிறது, அவருக்கும் அதில் பங்கு உண்டு.

கடைசியாக, வேலை. உங்களை ஆறுதல்படுத்துவதற்காகப் பொய் சொல்லப் போவதில்லை. முதல் கட்டத் தேடல், நீண்ட ஆவணத்தைச் சுருக்குவது, மின்னஞ்சல்களைத் தேதிவாரியாக அடுக்குவது, வழக்கமான கடிதங்களைத் தட்டச்சுவது இவற்றில் பெரும்பகுதி போய்விடும். இரண்டு பேர் செய்ததை ஒருவர் செய்வார். ஆனால் 2000இல் மின்தாக்கல் கட்டாயமானபோது தாக்கல் செய்துகொடுக்கும் சர்வீஸ் பியூரோ வாசலில் கட்டுக்கட்டாகத் தாளோடு நின்ற தலைமுறையை நினைத்துப் பாருங்கள். 2013இல் இ-லிட்டிகேஷன் வந்தபோது அதையும் கற்றுக்கொண்டார்கள். ஆபீஸ்கள் யாரை வைத்துக்கொண்டன? எது எப்போது தாக்கலாக வேண்டும், எந்தப் படிவம் திரும்பிவரும் என்று தெரிந்தவர்களைத்தான். இப்போது ஒரு வரைவைப் பார்த்ததும் 'இது சரியில்லையே' என்று உறுத்துகிறதே, அந்த உறுத்தலுக்குத்தான் விலை ஏறப்போகிறது. எழுதித் தள்ளும் கருவி மலிவாக மலிவாகச் சரிபார்ப்பவரின் தேவை கூடும். சின்ன ஆபீஸில் அதைச் செய்ய இளம் வக்கீலை வைத்துக்கொள்ள வசதி இருக்காது.

ஆகவே இந்த வழக்கு முடிந்ததும் பாஸிடம் ஒன்று கேளுங்கள்: இனி எந்தச் சப்மிஷனும் மேற்கோள் சரிபார்ப்பு முடியாமல் வெளியே போகக் கூடாது, அந்தச் சரிபார்ப்பு என் பொறுப்பு, அதற்கு எனக்கு லாநெட் கணக்கு வேண்டும். 40 வயதைத் தாண்டிய சிங்கப்பூரர் என்றால் 2024 மே மாதத்திலிருந்து உங்கள் பெயரில் 4,000 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தொகை (பயிற்சி வகுப்புகளுக்கு அரசு தருவது) கூடுதலாக இருக்கும். ஏஐக்கு எப்படிக் கட்டளையிடுவது என்று மட்டும் சொல்லித்தரும் வகுப்பில் அதைக் கரைத்துவிடாதீர்கள், அந்தக் கருவிகள் ஆறு மாதத்தில் மாறிவிடும். சட்ட ஆய்வு, சிவில் நடைமுறை, தரவுப் பாதுகாப்பு இவை பாடத்திட்டத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். அந்தத் தொகை குறிப்பிட்ட சில வகுப்புகளுக்கு மட்டும்தான் செல்லும், அதனால் பதிவு செய்வதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.